கரை காக்கும் வேலையும் காசு போகும் வழியும்

வெள்ளத் தடுப்பு ஒரே கட்டுமானத்தால் ஆவதில்லை. ஆற்றங்கரை, ஏரிக்கரை, கலங்கல், மதகு, ஷட்டர், வரத்துக் கால்வாய், வடிகால், முகத்துவாரம் என்று பல உறுப்புகள் சேர்ந்து செய்கிற வேலை அது. விழுந்த மழை கடலைச் சேரும்வரை எங்கே நிற்க வேண்டும், எங்கே ஓட வேண்டும், மிஞ்சினால் எங்கே வழிய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம். இவற்றில் எந்த உறுப்பு பலவீனமாக இருக்கிறதோ, அதன் பலம்தான் மொத்த அமைப்பின் பலம். ஐம்பது கிலோமீட்டர் கரையில் பத்து மீட்டர் தாழ்ந்திருந்தால் வெள்ளத்துக்கு அந்தப் பத்து மீட்டர் போதும்.

இதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கணக்கும் நிதி ஒதுக்குபவர்களின் கணக்கும் அடிக்கடி முரண்படுகின்றன. கண்ணுக்குத் தெரிகிற புதிய கட்டுமானத்துக்குப் பணம் எளிதில் கிடைக்கிறது. தாழ்ந்துபோன பத்து மீட்டருக்குக் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வெள்ளத் தடுப்பு எப்படி நடக்கிறது, எங்கே உடைகிறது, பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பதை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் இந்த முரண்பாடு விளங்கும்.

ஆறும் ஏரியும்

தமிழ்நாட்டில் வெள்ளத் தடுப்புக்கு இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று காவிரிப் படுகையின் ஆற்றங்கரை மரபு. மற்றது வடக்கிலும் தெற்கிலும் பரவிய சங்கிலித் தொடர் ஏரிகளின் மரபு.

காவிரிப் படுகையில் வெள்ளத்தைச் சுமப்பது கொள்ளிடம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போகும் கிளை பாசனத்துக்கு, வடக்கே போகும் கொள்ளிடம் மிகைநீருக்கு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். அப்படியே விட்டால் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கமே போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. காவிரி மணல் மேடிட்டு, தஞ்சைப் பாசனம் தடுமாறியது. ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டியது இதைச் சரிசெய்யத்தான். பாசனக் காலத்தில் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்ப வேண்டும், வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தில் இறக்கிவிட வேண்டும் என்ற விதி அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. கீழே கல்லணையிலும் இதே விதிதான். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்கு வேண்டிய அளவு போக, மிச்சம் கொள்ளிடத்துக்குப் போகும்.

ஏரி மரபு வேறு வகை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்துவந்தன. 2021-இல் நீர்வளத் துறை தனித் துறையானது. சங்கிலியில் ஒரு துறையின் ஏரிக்குக் கீழே இன்னொரு துறையின் ஏரி இருக்கும். தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. மேல் ஏரி உடைந்தால், கலங்கலில் மெதுவாக வர வேண்டிய தண்ணீர் ஒரே மொத்தமாகக் கீழ் ஏரியில் விழுந்து அதையும் உடைக்கும். ஏரி உடைப்புகள் ஒரே இரவில் வரிசையாக நடப்பதற்கு இதுவே காரணம்.

ஓர் ஆண்டின் வேலை

காவிரி டெல்டாவில் வேலை கோடையில் தொடங்குகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. தூர்வாரும் பணிகள் அதற்குள் முடிய வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில்தான் ஆறும் வாய்க்காலும் காய்ந்திருக்கும். எஸ்டிமேட், டெண்டர், வேலை உத்தரவு எல்லாம் தாமதமாகி மே கடைசியில் பொக்லைன் இறங்கினால், அந்த வேலை அரைகுறையாகத்தான் முடியும். தண்ணீர் வந்த பிறகு எவ்வளவு மண் எடுக்கப்பட்டது என்பதை யாராலும் அளக்க முடியாது. தூர்வாருவதற்கு முன் ஒரு மட்டமும், முடித்த பின் ஒரு மட்டமும் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கன மீட்டரில் எம்-புக் எனப்படும் அளவைப் புத்தகத்தில் ஏற்றினால்தான் பில் செல்லும். கான்கிரீட் சுவரை எந்த மாதத்திலும் போய் அளக்கலாம். எடுத்த வண்டலைத் தண்ணீர் வருவதற்குள் அளந்தாக வேண்டும். தூர்வாரும் பணியின் மீது எப்போதும் சந்தேகம் படிவதற்கும், நிதித் துறை அதற்கு மனமில்லாமல் பணம் தருவதற்கும் இந்த அளவைச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம்.

2022-இல் டெல்டா மாவட்டங்களில் 4,964 கிலோமீட்டர் நீளத்துக்கு 80 கோடி ரூபாயில் தூர்வாரும் பணி அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 1 லட்சத்து 61 ஆயிரம் ரூபாய். ஒரு கிலோமீட்டர் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை அகற்றி, மேடு தட்டி, கரையைச் சீராக்குவதற்கான தொகை இவ்வளவுதான்.

டெல்டாப் பொறியாளருக்கு ஆண்டில் இரண்டு வெள்ளக் காலங்கள். ஜூலை, ஆகஸ்டில் வருவது கர்நாடக மழையின் வெள்ளம். உள்ளூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது தண்ணீர் வெளியிலிருந்து வருவதில்லை, வயலிலேயே விழுகிறது. அதை வெளியேற்ற வேண்டிய வடிகால் ஆறுகள் கடைமடையில் கடல் மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கின்றன. அலை ஏற்றத்தின்போது கடல் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. முதல் வெள்ளத்துக்குக் கரை உயரம் வேண்டும். இரண்டாவதற்கு வடிகாலும் திறந்த முகத்துவாரமும் வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு சுமார் 960 கோடி ரூபாய் மதிப்பில் எடுத்துக்கொள்ளப்பட்ட வெண்ணாற்று உப வடிநிலத் திட்டம் இந்த இரண்டாவது பிரச்சினைக்கானது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவை அதில் அடங்கும்.

சென்னையிலும் இதே மாதங்களில் அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் மணல்திட்டை வெட்டித் திறக்கும் வேலை நடக்கிறது. கடல் நீரோட்டம் அந்த மணலை மறுபடியும் கொண்டுவந்து கொட்டும். ஒருமுறை செய்து முடித்துக் கல்வெட்டு வைக்கக்கூடிய வேலை அன்று அது. ஆண்டுதோறும் செய்ய வேண்டியது.

கரையில் ஓர் இரவு

மண்கரை நான்கு விதமாக உடையும். தண்ணீர் கரையின் தலைக்கு மேல் வழிந்து பின்சரிவை அறுப்பது ஒன்று. ஆற்றின் ஓட்டம் முன்சரிவை அடியில் அரிப்பது இரண்டாவது. ஊறிப்போன மண் பாரம் தாங்காமல் சரிவது மூன்றாவது. கரைக்குள்ளோ கரைக்கு அடியிலோ தண்ணீர் வழி கண்டுபிடித்து மறுபுறம் ஊற்றாகக் கிளம்புவது நான்காவது. நான்கிலும் ஏமாற்றுவது கடைசியில் சொன்னதுதான். மேலிருந்து பார்த்தால் கரை நன்றாகவே இருக்கும்.

எலி வளை, நண்டு வளை, செத்துப்போன சீமைக்கருவேல வேர், எப்போதோ பதித்து மறந்த குழாய் ஆகிய எல்லாமே தண்ணீருக்கு வழிகள். ஆடு மாடு ஏறி இறங்கும் தடமும், மணல் வண்டிக்காக அறுத்த வழியும் கரையின் உயரத்தைக் குறைக்கும். இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டியவர் லஸ்கர் என்றும் கரைக்காவலர் என்றும் சொல்லப்படும் கடைநிலைப் பணியாளர். அவருக்கு ஒரு குறிப்பிட்ட தூரம் கரை பொறுப்பில் இருக்கும். கோடையில் நடந்து நடந்து எந்த இடத்தில் புல் கருகவில்லை, எந்த இடத்தில் கரையடி எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவர், வெள்ளத்தின்போது நேராக அந்த இடத்துக்குத்தான் போவார்.

வெள்ள எச்சரிக்கை வந்ததும் மணல் மூட்டை, வெறும் சாக்கு, சவுக்குக் கட்டை, மூங்கில், கயிறு எல்லாம் கரையோரத்தில் குறிப்பிட்ட இடங்களில் குவிக்கப்படும். இரவில் இரண்டிரண்டு பேராக, டார்ச்சோடு, கரையின் தலையிலும் பின்பக்க அடியிலும் நடப்பார்கள். அடியில் நடப்பவரின் கண்தான் முக்கியம். தரையில் ஒரு சாண் அகலத்தில் தண்ணீர் கொப்புளித்து வந்தால், முதலில் அதைக் கையில் அள்ளி டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிந்த நீராக இருந்தால் கரை கசிகிறது என்று பொருள், காவல் வைத்துவிட்டு மேலே போகலாம். கலங்கிய நீராக இருந்து, விரலிடுக்கில் நுண்மணல் தங்கினால், கரையின் வயிற்றிலிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது.

புதிதாக வருபவர்கள் அந்த ஊற்றின் வாயிலேயே மூட்டையைப் போட்டு அடைக்கப் பார்ப்பார்கள். அது தவறு. அடைத்த தண்ணீர் பக்கத்தில் வேறு இடத்தில், இன்னும் வேகமாகக் கிளம்பும். அனுபவசாலிகள் ஊற்றைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்குவார்கள். கிணற்று உறை போல அந்த வட்டம் இடுப்பளவு உயரும்போது உள்ளே தண்ணீர் ஏறும். ஆற்று மட்டத்துக்கும் வட்டத்துக்குள் நிற்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய, ஊற்றின் வேகம் தணியும். ஊற்று முற்றிலும் நிற்க வேண்டியதில்லை. கலங்கிய நீர் தெளிந்தால் போதும். மேலே வழியும் தண்ணீருக்கு ஒரு பக்கம் வாய் விட்டு, மூட்டைகள் அறுபடாமல் பார்த்துக்கொண்டு, விடியும்வரை ஒருவர் அங்கேயே நிற்பார். இதற்கு ஆகும் பொருள் சில நூறு மூட்டைகள். வேண்டியது, அந்த இடத்தை முன்பே அறிந்த ஒரு மனிதர். பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தால், மூட்டை இருந்தும் இடம் தெரியாது.

ஷட்டரைத் திறக்கும் முடிவு

கரை காப்பதைவிடக் கடினமானது நீர்த்தேக்கத்தின் ஷட்டரை எப்போது திறப்பது என்ற முடிவு. தமிழ்நாட்டின் பெரிய தேக்கங்கள் எவையும் வெள்ளத்தைத் தடுப்பதற்கென்று கட்டப்பட்டவை அல்ல. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). பாசனத்துக்காக அது நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்குவதற்காக அதில் காலியிடமும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

செம்பரம்பாக்கத்தில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரம். 2015 நவம்பரில் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1918-க்குப் பிறகு எந்த நவம்பரிலும் அவ்வளவு பெய்ததில்லை. டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அன்றிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அந்த வீதத்தில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் போனால் சுமார் 2.5 டி.எம்.சி., அதாவது ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அவ்வளவு வேகமாக நிரம்பக்கூடிய ஏரியில் சில அடி காலியிடம் சில மணி நேரத்தைத்தான் வாங்கித் தரும். ஆனால் வெள்ளத்தில் அந்தச் சில மணி நேரம்தான் உயிர். ஆதனூர், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகைநீரும் அதே அடையாற்றில்தான் கலக்கிறது. அந்த மழையும் வெள்ளமும் 289 உயிர்களைக் கொண்டுபோயின. பின்னர் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை, செம்பரம்பாக்கத்தின் நீர் மேலாண்மையைக் கண்டித்து, அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறித்தது.

நான்கு ஆண்டு கழித்து, 2019 ஜூனில், சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை ஏற்பட்டது. நவம்பரில் ஏரியைக் குறைத்து வைத்தவர் மறு ஜூனில் குற்றவாளி. குறைக்காதவர் டிசம்பரிலேயே குற்றவாளி. மழை முன்னறிவிப்பும், நீர்வரத்துக் கணிப்பும், எந்த அடியில் எவ்வளவு திறக்கலாம் என்ற எழுத்துப்பூர்வமான விதியும் இருந்தால் இந்த முடிவு ஒரு தனி அதிகாரியின் தலையில் விழாது. மழைமானிகளுக்கும் நீர்மட்டக் கருவிகளுக்கும் கணினி மாதிரிகளுக்கும் ஆகும் செலவு, கரைக்குக் கான்கிரீட் போடும் செலவில் மிகச் சிறிய பங்கு. இந்தத் துறையின் செலவுகளில் பலன் அதிகம் தருபவற்றில் இதுவும் ஒன்று.

உடையும் நேரம்

பெரிய கட்டுமானங்கள் உச்ச வெள்ளத்தில்தான் உடையும் என்று பொதுவாக நினைக்கப்படுகிறது. உண்மை நிகழ்வுகள் வேறு விதமாக இருக்கின்றன.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து சுமார் 2 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டப்பட்ட திருச்சியின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. சில நாள் கழித்து, வெள்ளம் வடிந்துகொண்டிருந்தபோது, ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது ஷட்டர்கள் இடிந்து விழுந்தன. உச்ச வெள்ளத்தைத் தாங்கிய அணை, அது வடியும்போது விழுந்தது. ஆற்றின் படுகை தாழத் தாழத் தூண்களின் அடித்தளம் வெளியே தெரியத் தொடங்கும், அடியில் அரிப்பு கூடும் என்பது எல்லாப் பொறியாளர்களும் அறிந்தது. தண்ணீர் இல்லாத மாதங்களில் இறங்கிப் பார்த்தால் தெரியும். பார்த்ததை எழுதினால் எஸ்டிமேட் போட வேண்டும், போட்டால் நிதி கேட்க வேண்டும். இடிந்த பிறகு, 387 கோடியே 60 லட்சம் ரூபாய் மதிப்பில் புதிய கதவணை கட்டப்பட்டது. டெல்டா முழுவதும் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் தூர்வாருவதற்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட தொகையைப் போல இது ஏறக்குறைய ஐந்து மடங்கு.

பீகாரின் கோசி இன்னும் பெரிய பாடம். 1950-களில் தொடங்கிக் கட்டப்பட்ட அதன் கரைகள் 9.5 லட்சம் கன அடி வெள்ளத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. 2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தபோது ஆற்றில் ஓடியது 1.44 லட்சம் கன அடி. வடிவமைத்த அளவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு பழைய தடத்துக்குத் திரும்பி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பாதித்தது. கோசியின் கரையைத் தோற்கடித்தது வெள்ளத்தின் அளவு அன்று, கரையின் நிலை.

வடிவமைப்பை மிஞ்சும் வெள்ளமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எந்த ஏரிக் கலங்கலும் அதற்காகக் கட்டப்பட்டதில்லை. ஏரிகள் உடைந்தன, தாமிரபரணி பெருகியது, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் பல நூறு பயணிகளோடு நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயில்வே ஒன்றிய அரசின் சொத்து, ஏரி மாநில அரசின் சொத்து. ஏரிக் கரைக்குச் செலவிடாத பணம் ரயில் பாதையில் நட்டமாக வந்து விழுந்தது.

பணம் போகும் வரிசை

இந்தியாவில் தேசிய வெள்ளத் தடுப்புத் திட்டம் 1954-இல் தொடங்கியது. 1976-இல் அமைக்கப்பட்ட தேசிய வெள்ள ஆணையம் 1980-இல் தந்த அறிக்கையில், நாட்டில் 4 கோடி ஹெக்டேர் நிலம் வெள்ள ஆபத்து உள்ளது என்று கணக்கிட்டது. வெள்ளத் தடுப்பு மாநிலங்களின் பொறுப்பு. ஒன்றிய அரசு திட்ட அடிப்படையில் உதவி தருகிறது. 2021 முதல் 2026 வரையான ஐந்து ஆண்டுகளுக்கு, வெள்ள மேலாண்மை மற்றும் எல்லைப் பகுதிகள் திட்டத்துக்கு 4,100 கோடி ரூபாய் ஒப்புதலானது. நாடு முழுமைக்கும் ஆண்டுக்குச் சராசரி 820 கோடி. அந்த ஒப்புதல் வந்ததே 2024 பிப்ரவரியில், ஐந்தாண்டில் மூன்றாண்டு முடியும் தறுவாயில்.

இதே காலத்துக்கு 15-ஆவது நிதிக் குழு மாநிலங்களின் பேரிடர் நிதிக்குப் பரிந்துரைத்த தொகை 1,60,153 கோடி. அதில் 80 சதவீதம் பெரும்பாலும் பேரிடர் வந்த பிறகு செலவிடுவதற்கு, 20 சதவீதம் வருமுன் காப்பதற்கு. தணிப்புக்கென்று ஒரு பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்டியதே அந்தக் குழுவின் முன்னேற்றம். அதற்கு முன் அப்படியொரு பிரிவே இல்லை. பெருநகர வெள்ளத்துக்காக ஏழு நகரங்களுக்கு 2,500 கோடியும் அது பரிந்துரைத்தது. சென்னையின் பங்கு 500 கோடி. அந்த நிதியை உள்ளடக்கிய 561 கோடி ரூபாய்த் திட்டம் சென்னைக்கு ஒப்புதலானது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்த அதே வாரத்தில்.

மிக்ஜாமுக்குப் பிறகு சென்னைப் பகுதியில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் வீதம் சுமார் 24 லட்சம் அட்டைகளுக்கு மாநில அரசு நிவாரணம் தந்தது. தொகை 1,400 கோடி ரூபாய்க்கு மேல். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அது தேவை, அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு புயலுக்கான ரொக்க நிவாரணம், அந்த நகரத்தின் வெள்ளத் தணிப்புத் திட்டத்தைவிட இரு மடங்குக்கு மேல் என்பது வரிசை எங்கே பிசகியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அந்த ஆண்டின் இரு வெள்ளங்களுக்குமாக மாநிலம் ஒன்றிய அரசிடம் கேட்டது சுமார் 37,900 கோடி. 2024 ஏப்ரலில் வந்தது 276 கோடி. நிவாரணத்தை நம்பித் திட்டமிட முடியாது என்பதற்கும் இதுவே சான்று.

பெரிய உள்கட்டமைப்போடு ஒப்பிட்டால் அளவு இன்னும் தெளிவாகும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர், மதிப்பு 63,246 கோடி ரூபாய். கொசஸ்தலையாறு வடிநிலத்தின் ஒருங்கிணைந்த மழைநீர் வடிகால் திட்டம் சுமார் 3,220 கோடி. மெட்ரோ வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் சுரங்க நிலையமும் மின் நிலையமும் விமான நிலையமும் தரவு மையமும் வெள்ளத் தடுப்பை நம்பித்தான் நிற்கின்றன. 2015-இல் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. ஒவ்வொரு பெரிய திட்டத்தின் மதிப்பீட்டிலும் அதன் வடிநிலத்தின் வெள்ளத் தடுப்புக்கு ஒரு பங்கு சேர்க்கப்படுவதில்லை என்பதே குறை. சாலையை மேடாக்குகிறவர் குறுக்கே போகும் வாய்க்காலுக்குச் சிறிய கல்வெர்ட்டு ஒன்றைப் போட்டு முடித்துவிடுகிறார். அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வேறொரு துறையின் தலைவலி.

தண்ணீருக்கு இடம்

கரையை உயர்த்திக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. பீகாரில் 1950-களின் தொடக்கத்தில் கரைகளின் நீளம் 160 கிலோமீட்டர், வெள்ள ஆபத்துள்ள நிலம் 25 லட்சம் ஹெக்டேர். பிறகு கரை 3,400 கிலோமீட்டரைத் தாண்டியது. வெள்ள ஆபத்துள்ள நிலமும் 68 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. கரைகளுக்கு இடையே வண்டல் படிந்து ஆற்றின் படுகை உயர்கிறது. கரைக்கு வெளியே விழுந்த மழை ஆற்றில் சேர முடியாமல் நிற்கிறது. கரை இருக்கிறது என்ற தைரியத்தில் மக்கள் நெருங்கி வீடு கட்டுகிறார்கள்.

கொள்ளிடத்தின் இரு கரைகளுக்கு உள்ளேயே நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற ஊர்கள் இருக்கின்றன. 2018-இலும் 2022-இலும் வெள்ளம் வந்தபோது அங்குள்ளவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. அங்கே எந்தக் கரையும் உதவாது. முன்னெச்சரிக்கை, படகு, மேடான தங்குமிடம், விரும்புவோருக்கு மாற்று நிலம் ஆகியவைதான் அங்கே வெள்ளத் தடுப்பு. சென்னையில் பல ஆயிரம் ஹெக்டேராக இருந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் எஞ்சியதைக் காப்பதும் வெள்ளத் தடுப்புதான். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது சுமார் 1,248 ஹெக்டேர். அங்கே தேங்கும் தண்ணீரைத் தேக்க வேறிடம் கட்டுவதானால் எந்த பட்ஜெட்டும் போதாது.

நெதர்லாந்தில் 1953 பிப்ரவரி 1-ஆம் தேதி வெள்ளத்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கட்டப்பட்ட டெல்டா பணிகள் 1997-இல் மாஸ்லாண்ட் தடுப்பணையோடு நிறைவு பெற்றன. அந்த நாட்டின் உண்மையான பலம் அந்தக் கதவுகளைவிட நிதி ஏற்பாட்டில் இருக்கிறது. நூற்றாண்டுகள் பழமையான நீர் வாரியங்கள் தாங்களே வரி வசூலித்துக் கரைகளைப் பராமரிக்கின்றன. எந்தக் கரைக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. டெல்டா நிதி தனியாக ஒதுக்கப்படுகிறது. கரை உயர்த்துவதில் அத்தனை தேர்ந்த அந்த நாடே, 'ஆற்றுக்கு இடம்' என்ற பெயரில் சுமார் 230 கோடி யூரோ செலவிட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றை அகலப்படுத்தியது. நைமேகன் நகருக்கு எதிரே வால் ஆற்றின் கரை 350 மீட்டர் உள்ளே நகர்த்தப்பட்டது. அதற்காக வீடுகள் அகற்றப்பட்டன.

செலவின் முறை

இந்தத் துறையின் அனுபவத்திலிருந்து செலவுக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில், இருக்கும் கரை, கலங்கல், ஷட்டர், வடிகால் ஆகியவற்றின் பராமரிப்பு. இதற்கு ஏப்ரல் முதல் தேதியே பணம் கையில் இருக்க வேண்டும். அடுத்து, மழைமானி, நீர்வரத்துக் கணிப்பு, ஷட்டர் விதி, நிரப்பப்பட்ட கரைக்காவலர் பணியிடங்கள். மூன்றாவது, தண்ணீர் தங்கும் நிலத்தைக் கட்டடம் ஏறவிடாமல் காப்பது. நான்காவதுதான் புதிய கட்டுமானம். அதற்கும் திட்ட மதிப்பில் ஆயுள் காலப் பராமரிப்புத் தொகை சேர்க்கப்பட வேண்டும். நிவாரணம் இந்த நான்கும் தோற்கும் இடத்தில் வருவது. இன்றைய வரவு செலவுத் திட்டங்களில் இந்த வரிசை ஏறத்தாழத் தலைகீழாக இருக்கிறது.

ஆண்டுதோறும் பட்ஜெட்டில் புதிய தடுப்பணைகளின் எண்ணிக்கை படிக்கப்படுகிறது. பழைய கரைகளின் நிலை குறித்த ஒரு பட்டியலும் அதனுடன் வைக்கப்பட வேண்டும். எந்தக் கரை, எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும், இந்த ஆண்டு அதில் எவ்வளவு தரப்பட்டது என்பதை ஊர்வாரியாக வெளியிட்டால், எந்தச் செலவு முதலில் வர வேண்டும் என்பதை மக்களே கேட்பார்கள்.